காரைக்குடியிலிருந்து ராமேஸ்வரம்: அரசு பஸ்ஸில் கையைக் கடிக்காமல் போய்வர முழுமையான வழிகாட்டி

காரைக்குடியிலிருந்து ராமேஸ்வரம் சுமார் 140 கிலோமீட்டர். எக்ஸ்பிரஸ் பஸ்ஸில் ஏறக்குறைய நான்கு மணி நேரம். டிக்கெட்டுக்கு ஆளுக்கு 150 ரூபாய் எடுத்து வைத்தால் மீதி வரும். இருந்தும் இரண்டு நாள் போய்வந்த குடும்பங்கள், "இவ்வளவு எப்படிச் செலவாச்சு?" என்று வீட்டுக்கு வந்து கணக்குப் போடுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

பஸ்ஸில் பணம் போவதில்லை. ராமேஸ்வரத்தில் இறங்கிய பிறகு வரும் கடைசி இரண்டு கிலோமீட்டரிலும், நேரங்கெட்ட நேரத்தில் போய்ச் சேர்ந்து அவசரத்தில் எடுக்கும் முடிவுகளிலும்தான் போகிறது. அதனால் கீழே உள்ளதில் பாதிக்கு மேல் எதை எப்போது செய்வது என்பதைப் பற்றித்தான். இரண்டு பகல், ஓர் இரவு என்று வைத்து எழுதியிருக்கிறேன். ஒரே நாளில் போய்வரவும் முடியும். ஆனால் வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு அப்படிச் செய்யாதீர்கள்.

1. முதலில் நாள், அப்புறம்தான் மற்றது

நாள்காட்டியை எடுத்து அமாவாசை என்றைக்கு என்று பாருங்கள். ஆடி அமாவாசை, மகாளய அமாவாசை, தை அமாவாசை மூன்றிலும் ராமேஸ்வரம் தாங்காது. தர்ப்பணம் கொடுக்கத்தான் போகிறீர்கள் என்றால் வேறு வழியில்லை. கடல் பார்க்க, சாமி கும்பிட என்றால் அந்த நாளையும் அதன் முன்நாளையும் தவிர்த்துவிடுங்கள். சிறப்புப் பேருந்து விடுவார்கள், பஸ் கிடைத்துவிடும். அறைதான் கிடைக்காது. கிடைத்தாலும் சொன்ன விலைதான்.

கார்த்திகை, மார்கழியில் சபரிமலை போய்த் திரும்பும் ஐயப்ப பக்தர்கள் வேன் வேனாக வருவார்கள். கோடை விடுமுறையில் சனி, ஞாயிறும் இதே கதைதான். செவ்வாய், புதன், வியாழன் ஆகிய மூன்று நாட்களில் போனால் அறை வாடகையிலேயே வித்தியாசம் தெரியும்.

ஐப்பசி, கார்த்திகையில் போவதென்றால் கிளம்புவதற்கு முதல்நாள் மாலைச் செய்தியைக் கேளுங்கள். பாம்பனில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருந்தால் தனுஷ்கோடிப் பக்கம் விடமாட்டார்கள். அப்படிப் போய், அறையில் மழையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைவிட ஒரு வாரம் தள்ளிப் போடலாம்.

2. அறையை ஊரிலிருந்தே பேசி முடியுங்கள்

பஸ் நேரம் பார்ப்பதற்கு முன்பே இதைச் செய்ய வேண்டும். பையும் கையுமாக, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு விடுதி வாசலில் நிற்பவரிடம் யாரும் விலை குறைப்பதில்லை.

செட்டிநாட்டுக்காரர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது நகரத்தார் விடுதி. அங்கே நகரத்தாருக்குத்தான் முதலிடம். ஊர், கோயில் விவரம் கேட்பார்கள். நகரத்தார் அல்லாதவர்கள், "நம்ம ஊர்க்காரங்கதானே" என்ற நம்பிக்கையில் நேரே போய் நிற்க வேண்டாம். போன் செய்து இடம் உண்டா என்று கேட்டுக்கொண்டு போங்கள். மற்றபடி கோயில் தேவஸ்தானத்தின் தங்கும் அறைகள், தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ஓட்டல் தமிழ்நாடு, பல சமூகத்தாரின் சத்திரங்கள், ரத வீதிகளைச் சுற்றியுள்ள சின்ன லாட்ஜுகள் என்று வரிசையாக விசாரிக்கலாம்.

போனில் மூன்று கேள்வி கேளுங்கள். செக்-அவுட் 24 மணி நேரக் கணக்கா, இல்லை எல்லோருக்கும் ஒரே நேரமா? சில இடங்களில் காலையிலேயே காலி செய்யச் சொல்வார்கள். முதல்நாள் மதியம் வருபவருக்கு அது அரைநாள் வாடகை நஷ்டம். அடுத்து, கோயிலுக்கு நடந்து போகிற தூரமா? விடியற்காலையில் ஈரத்துணியோடு நடக்கப் போகிறீர்கள், ஆகவே இது வெறும் வசதிக் கேள்வி இல்லை. மூன்றாவது, தனியாகப் போகிறவர்களுக்கு: ஒற்றை ஆளுக்கு அறை தருவீர்களா? கோயில் ஊர்களில் சில விடுதிகள் தனி ஆளுக்குக் கொடுப்பதில்லை. போய் நின்று தெரிந்துகொள்வதைவிட முன்பே கேட்டுவிடலாம்.

நாலு பேர் ஓர் அறையில் தங்கினால்தான் இந்தப் பயணம் மலிவு. இரண்டு பேர் போனால் மொத்தச் செலவில் பெரிய பங்கு அறைக்குத்தான் போகும்.

3. பை

ஆளுக்கு ஒரு பை. மடியில் வைத்துக்கொள்ளும் அளவு. சக்கரம் வைத்த பெட்டி கொண்டு வருபவர்கள் கடைசியில் ஆட்டோ பிடித்தே ஆக வேண்டும்.

உள்ளே இருக்க வேண்டியவை: ஆதார் அட்டை அசல் (விடுதியில் கேட்பார்கள்), தீர்த்தமாட ஒரு செட் துணி, தரிசனத்துக்கு உலர்ந்த ஒரு செட், துண்டு, ஈரத்துணி போட இரண்டு கனமான கவர், தொப்பி அல்லது குடை. தீர்த்தமாடும் துணி அடர்ந்த நிறத்தில், காட்டனாக இருக்கட்டும். வெள்ளை வேட்டியும் மெல்லிய சேலையும் நனைந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பெண்கள் அவசரத்துக்கு ஒரு பெரிய துண்டு கூடுதலாக வைத்துக்கொள்வது நல்லது.

10, 20 ரூபாய் நோட்டுகளாக ஒரு 300 ரூபாய் தனியாக வையுங்கள். டவுன் பஸ், டீ, செருப்பு வைக்கும் இடம் எல்லாவற்றுக்கும் அதுதான் ஓடும். 500 ரூபாயை நீட்டினால் சில்லறை இல்லை என்ற பெயரில் பத்து, இருபது போய்க்கொண்டே இருக்கும்.

தண்ணீர் ஆளுக்கு இரண்டு லிட்டர். சாப்பாட்டுக்கு நம் வீட்டு வழக்கமே போதும். முதல்நாள் மதியத்துக்கு மிளகாய்ப்பொடி தடவிய இட்லி அல்லது புளியோதரை. கொறிக்கத் தட்டை, முறுக்கு. தேங்காய்ச் சட்னியும் தயிர்சாதமும் அந்த வெயிலுக்கு நிற்காது. கட்டிக்கொண்டு போகும் இந்த ஒருவேளை சாப்பாடு காசுக்காக மட்டுமில்லை. அன்று மதியம் ஓட்டலில் உட்காரும் ஒரு மணி நேரம் உங்களுக்குத் தனுஷ்கோடியில் தேவைப்படும்.

4. எந்த பஸ், எங்கே ஏறுவது

முதலில், மதுரை போய் மாறலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். மேற்கே போய் மறுபடி கிழக்கே வரும் சுற்று அது. நம் வழி தேவகோட்டை, ஆர்.எஸ்.மங்கலம், தேவிபட்டினம், ராமநாதபுரம், மண்டபம், பாம்பன்.

காரைக்குடி புதிய பஸ் ஸ்டாண்டில் உங்களுக்கு இரண்டு வழி உண்டு. திருச்சியிலிருந்து புதுக்கோட்டை, காரைக்குடி வழியாக ராமேஸ்வரம் போகும் பஸ்ஸில் ஏறினால் மாற வேண்டாம். ஆனால் அது பல நேரம் நிறைந்தே வரும். நான்கு மணி நேரம் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு போனவர்களுக்கு அன்று மதியம் எதுவும் பிடிக்காது. இரண்டாவது வழி, காரைக்குடியிலிருந்தே புறப்படும் ராமநாதபுரம் பஸ்ஸில் ஏறி, அங்கே மாறுவது. ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் 55 கிலோமீட்டர் போல. மதுரையிலிருந்து வரும் பஸ்கள் அடிக்கடி உண்டு.

என் தீர்ப்பு இது: தனியாகவோ இருவராகவோ போனால் நேர் பஸ்ஸுக்குப் பாருங்கள். குழந்தை, பெரியவர்கள் இருந்தால் மாறிப் போவதே நல்லது. இடையில் கால் நீட்டவும் கழிப்பறை போகவும் ஓர் இடம் கிடைக்கிறதே, அதற்காகவே.

காலை 5 மணியிலிருந்து 6 மணிக்குள் காரைக்குடியை விட்டுவிடுங்கள். 10, 11 மணிக்கு ராமேஸ்வரம். எட்டு மணிக்கு நிதானமாகக் காபி குடித்துக் கிளம்பினால் மதியம் ஆகும், தனுஷ்கோடி கைநழுவும். கானாடுகாத்தான், பள்ளத்தூர், புதுவயல், கண்டனூர்க்காரர்களுக்கு விடியலில் காரைக்குடி வந்து சேர்வதுதான் சிக்கல். முதல் டவுன் பஸ் நேரத்தை முதல்நாளே கேட்டு வையுங்கள். தேவகோட்டைக்காரர்கள் காரைக்குடிக்கு வந்து ஏற வேண்டியதில்லை.

ஏறுமுன் நடத்துனரிடம் "தேவிபட்டினம் வழியா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். ராமநாதபுரம் என்று போர்டு போட்ட பஸ் எல்லாம் ஒரே வழியில் போவதில்லை. சுற்றிப் போகும் பஸ்ஸில் ஏறினால் ஒரு மணி நேரம் போய்விடும்.

பைக்கில் போகிறேன் என்பவர்களுக்கு: சாலை நல்ல சாலைதான். ஆனால் மண்டபம் தாண்டிய பிறகு காற்று பக்கவாட்டில் தள்ளும். பாம்பன் சாலைப் பாலம் இரண்டு கிலோமீட்டருக்கு மேல். அதில் வண்டியை நிறுத்தி செல்பி எடுக்கும் கூட்டத்தில் நீங்களும் சேராதீர்கள்.

5. வழியில் இறங்கலாமா?

தேவிபட்டினத்தில் கடலுக்குள் நவபாஷாணம் (நவக்கிரகங்களாகக் கும்பிடும் ஒன்பது கற்கள்) இருக்கிறது. ராமநாதபுரத்துக்கு 15 கிலோமீட்டர் முன்னால். "வழியில்தானே, ஒரு எட்டு பார்த்துவிடலாம்" என்று தோன்றும். போகும்போது வேண்டாம். இறங்கினால் அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருந்து, நின்றுகொண்டு, மதியத்தை இழப்பீர்கள். திரும்பும்போது நேரமிருந்தால் பார்க்கலாம். கிரகதோஷப் பரிகாரமே நோக்கம் என்றால் அதைத் தனிப் பயணமாக வைத்துக்கொள்ளுங்கள். காரைக்குடியிலிருந்து அரைநாளில் முடியும்.

பாம்பன் வரும்போது தூங்குகிறவர்களை எழுப்பிவிடுங்கள். 1988-இல் திறந்த சாலைப் பாலத்தில் பஸ் போகும். பக்கத்தில் 2025-இல் திறந்த புதிய ரயில் தூக்குப் பாலம் தெரியும். இந்தக் காட்சிக்குத் தனிக் கட்டணம் கிடையாது.

6. இறங்கியதும் முதல் பத்து நிமிடம்

ராமேஸ்வரம் பஸ் ஸ்டாண்டு கோயிலை ஒட்டி இல்லை. சுமார் இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. பஸ் நிற்பதற்குள் ஆட்டோக்காரர்கள் படியருகே வந்துவிடுவார்கள். ரூம், தீர்த்தம், தனுஷ்கோடி, பதினைந்து இடம் என்று ஒரே மூச்சில் ஒரு தொகை சொல்வார்கள். அவர்கள் பிழைப்பு அது, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த இடத்தில், அந்த நேரத்தில் எதற்கும் சரி என்று சொல்லாதீர்கள். மொத்தமாகப் பேசினால் எதற்கு எவ்வளவு கொடுக்கிறோம் என்றே தெரியாமல் போய்விடும்.

"ரூம் போட்டாச்சு" என்று சொல்லிவிட்டு நேரே டவுன் பஸ்ஸுக்குப் போங்கள். கோயிலுக்கு அடிக்கடி பஸ் உண்டு. சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் காசு இல்லை. ஏறுமுன் போர்டைப் பார்த்துக்கொண்டால் போதும். வெளியூர் பஸ்ஸில் இந்தச் சலுகை கிடையாது. காரைக்குடியில் ஏறும்போதே கேட்டு நடத்துனரிடம் வாங்கிக் கட்டிக்கொள்பவர்களும் உண்டு.

அறையில் பையை வையுங்கள், முகம் கழுவுங்கள், கட்டிக்கொண்டு வந்ததைச் சாப்பிடுங்கள். கோயிலுக்கு இப்போது ஓட வேண்டாம். மதியம் 1 மணிக்கு நடை சாத்தி 3 மணிக்குத்தான் திறப்பார்கள். கோயிலுக்குள் உள்ள 22 கிணறுகளில் தீர்த்தமாடப் பதினொன்றரைக்கு ஓடி, பாதிக் கிணற்றில் நேரமாகிவிட்டது என்று நிற்பதுதான் புதிதாக வருபவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம்.

7. தனுஷ்கோடி: முதல்நாள் மதியமே

கோயில் மூடியிருக்கும் நேரத்தில் தனுஷ்கோடி போகலாம். இருட்டிய பிறகு தனுஷ்கோடி போக முடியாது. மாலையில் போலீசார் சோதனைச் சாவடியில் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். உள்ளே இருப்பவர்களையும் வெளியேறச் சொல்வார்கள். இரண்டாம் நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தால் ஊர் திரும்பும் பஸ் தவறும். ஆகவே ஒன்றரை மணிக்குள் டவுன் பஸ் பிடியுங்கள்.

சாலை 2017-இல் தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனை வரை போடப்பட்டுவிட்டது. அதற்கு முன் மணலில் வேனில் போன காலத்தை வைத்து, "பஸ் போகாது, வேன் மட்டும்தான்" என்று இன்றும் சிலர் சொல்வார்கள். நம்ப வேண்டாம். பஸ் ஏறும்போது, "அரிச்சல்முனை வரையா?" என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள், கடைசி பஸ் எப்போது திரும்பும் என்பதையும் நடத்துனரிடமே கேளுங்கள்.

வரிசையில் முதலில் கடைசி முனை, பிறகு இடிபாடுகள். போகும் வழியிலேயே 1964 டிசம்பர் புயலில் அழிந்த சர்ச்சும் ரயில் நிலையமும் தெரியும். உடனே இறங்கத் தோன்றும். இறங்கிவிட்டால் அடுத்த பஸ்ஸில் நெரிசலில் முனைக்குப் போய், நின்று பார்க்க நேரமில்லாமல் திரும்ப வேண்டிவரும். மாலையில் ஆட்களை முதலில் அனுப்பத் தொடங்குவதும் முனையிலிருந்துதான். முனையைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது சர்ச்சருகே இறங்குங்கள். அங்கே ஒரு மணி நேரம் இருந்துவிட்டு அடுத்த பஸ்ஸில் ஊர் வரலாம்.

கடலில் இறங்குவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஒரு பக்கம் அமைதியாகவும் மறுபக்கம் ஆவேசமாகவும் இருக்கும். மீனவர்கள் பெண் கடல், ஆண் கடல் என்பார்கள். நம்மூர்க் கண்மாயில் நீந்திப் பழகியவர்கள் அமைதியான பக்கம் பயமில்லை என்று இறங்கிவிடுகிறார்கள். எந்தப் பக்கம் அமைதி என்பது காற்றைப் பொறுத்தது. தென்மேற்கிலிருந்து கச்சான் அடிக்கும் மாதங்களில் மன்னார் வளைகுடாப் பக்கம் கொந்தளிக்கும்; வாடை அடிக்கும் மழைக்காலத்தில் பாக் நீரிணைப் பக்கம் புரண்டெழும். முனையில் இரண்டு நீரோட்டமும் சேர்வதால் காலடி மணலே நகரும். கணுக்கால் நனைத்தால் போதும். குளிப்பதற்கு மறுநாள் அக்னி தீர்த்தம் இருக்கிறது.

நிழல் கிடையாது. மரமும் கிடையாது. குடையும் தண்ணீரும் இங்கேதான் வேலைக்கு வரும். கடைகளில் சங்கு, சிப்பி, பாசிமணி வாங்கலாம்; பவளப்பாறைத் துண்டு, காய்ந்த கடல் அட்டை போன்றவற்றை யார் காட்டினாலும் வாங்காதீர்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் அவை குற்றம். பனையோலைப் பொருள்களும் விற்பார்கள். செட்டிநாட்டுக் கொட்டான் பார்த்த கண்ணுக்கு அது எப்படித் தெரியும் என்பது உங்கள் பாடு.

ஆட்டோவில்தான் போவேன் என்றால் மூன்றைப் பேசிவிட்டு ஏறுங்கள்: அரிச்சல்முனை வரையா, எத்தனை மணி நேரம் காத்திருப்பார், போகவரச் சேர்த்துத் தொகை எவ்வளவு. இடையில் உள்ள கோதண்டராமர் கோயிலும் இதில் சேர்த்தியா என்று கேளுங்கள். ஐந்தாறு பேராக இருந்தால் பகிர்ந்து கொடுக்கும்போது ஆட்டோவும் பெரிய செலவாகத் தெரியாது.

8. ராத்திரிச் சாப்பாடு

கோயிலைச் சுற்றிச் சைவம்தான். ரத வீதிகளில் இட்லி, தோசைக் கடைகள் போதுமானவை. உட்காருமுன் விலைப்பலகை பாருங்கள். கோயிலில் நாள் முழுவதும் அன்னதானம் உண்டு. அதற்குக் காசில்லை, கூச்சமும் தேவையில்லை.

மீன் சாப்பிட வேண்டும் என்றால் பஸ் ஸ்டாண்டு பக்கம் போக வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்த நாட்களில் மீன் வரத்து குறைந்து விலை ஏறியிருக்கும். கடலோரம் வந்தாலே மீன் மலிவு என்று எண்ணி ஆர்டர் செய்துவிடாதீர்கள். விலையைக் கேட்டுவிட்டு இலை போடச் சொல்லுங்கள்.

மாலையில் தெம்பிருந்தால் மூன்றாம் பிரகாரத்தைச் சும்மா ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். செல்போனை அறையிலேயே வைத்துவிடுங்கள், உள்ளே அனுமதி இல்லை. ஒன்பது மணிக்குப் படுத்துவிட வேண்டும்.

9. இரண்டாம் நாள்: கடல், தீர்த்தம், உடை, தரிசனம்

இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

விடியற்காலை 5 மணிக்கு ஸ்படிகலிங்க தரிசனம் உண்டு. அதைப் பார்க்க வேண்டும் என்பவர்கள் அறையில் குளித்து, உலர்ந்த துணியில் போய்வந்து, பிறகு கடலுக்குப் போகலாம். மற்றவர்கள் ஐந்தரைக்கு நேரே அக்னி தீர்த்தம். அது கோயிலின் கிழக்கே உள்ள கடற்கரைதான். அலை பெரிதாக இருக்காது. பழைய துணியைக் கடலில் விட்டால் பாவம் போகும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது அடுத்தவர் காலைத்தான் சுற்றும்.

கரையில் தர்ப்பணம் செய்துவைக்க ஐயர்கள் இருப்பார்கள். உட்காருவதற்கு முன்பே தொகையையும், அதில் என்னென்ன அடக்கம் என்பதையும் பேசிவிடுங்கள். சங்கல்பம் ஆன பிறகு பேரம் பேச யாருக்கும் மனசு வராது.

அடுத்து, ஈரத்துணியோடு கோயிலுக்குள் 22 தீர்த்தங்கள். தேவஸ்தானக் கவுன்ட்டரில் டிக்கெட் வாங்குங்கள். ஆளுக்கு 25 ரூபாய் என்று இருந்து வருகிறது. அன்றைய தொகை பலகையில் இருக்கும். வெளியே, "நான் கூட்டிப் போய் நல்லா ஊத்தச் சொல்றேன்" என்று ஒருவர் பல மடங்கு கேட்பார். கூட்டமில்லாத வார நாளில் அவர் தேவையே இல்லை. வாளியால் இறைத்து ஊற்றுகிறவர்கள் எல்லோருக்கும்தான் ஊற்றுகிறார்கள். இதற்காகத்தான் முதலிலேயே செவ்வாய், புதன் என்று சொன்னேன்.

கல்தரை வழுக்கும். பெரியவர்களின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். சிறு பிள்ளைகளுக்குக் குளிர் எடுத்தால் நாலைந்து கிணற்றோடு நிறுத்திவிடலாம். நகை, பர்ஸ் எதுவும் வேண்டாம். டிக்கெட் காசு மட்டும் சின்னக் கவரில் இருக்கட்டும். ஒருவர் குளிக்காமல் உலர்ந்த துணிப் பையோடு வெளியே நின்றால் எல்லோருக்கும் வசதி.

தீர்த்தம் முடிந்தபின் ஈரத்துணியோடு சன்னதிக்குப் போக முடியாது. உடை மாற்றிக்கொண்டு தரிசனம் செய்யுங்கள். ஒன்பது, ஒன்பதரைக்குள் எல்லாம் முடியும்.

10. திரும்புதல்

அறைக்கு வந்து ஈரத்துணியைப் பிழிந்து கவரில் கட்டுங்கள். பேக்கரும்பில் உள்ள அப்துல் கலாம் நினைவிடம் பார்க்க ஆசையிருந்தால் பையை விடுதியில் விட்டுவிட்டு, பாம்பன் பக்கம் போகும் டவுன் பஸ்ஸில் போய்வாருங்கள். பையோடு ஊர் பஸ்ஸில் வழியில் இறங்கினால், திரும்ப ஏறும்போது உட்கார இடம் கிடைக்காது. மசூதித் தெருவில் உள்ள அவருடைய வீடு ரத வீதிகளிலிருந்து நடக்கிற தூரம்தான். நேரம் குறைவு என்றால் அதோடு திருப்தி அடையலாம்.

ஊர் பஸ்ஸைக் கோயில் பக்கம் நின்று எதிர்பார்க்காதீர்கள். பஸ் ஸ்டாண்டுக்கே போய், புறப்படும் இடத்தில் ஏறினால் ஜன்னலோரம் கிடைக்கும். திருச்சி பஸ் காரைக்குடி வழி என்றால் அதுவே நேர் பஸ். இல்லையென்றால் ராமநாதபுரம் வந்து மாறுங்கள்.

ஒரு மணிக்குள் ஏறிவிட்டால் ஐந்து, ஐந்தரைக்குக் காரைக்குடி. உள்ளூர்களுக்கு டவுன் பஸ் தாராளமாக இருக்கும். மாலை ஐந்துக்குக் கிளம்பினால் காரைக்குடி வரும்போது ஒன்பதைத் தாண்டும். அந்த நேரத்துக்குக் கண்டனூருக்கோ பள்ளத்தூருக்கோ ஆட்டோ கேட்டால், ராமேஸ்வரம் டிக்கெட்டைவிடக் கூடுதலாகச் சொல்வார்கள்.